தாய்ப்பால் பயிற்சி மருத்துவருக்கும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உலகத் தாய்ப்பால் வாரமான ஆகஸ்ட் முதல் வாரத்தில் தாய்மார்களுக்குத் தாய்ப்பாலின் அருமையை எடுத்துச் சொல்லும் நாம், அவர்கள் நம்பி வரும் குழந்தைநல மருத்துவருக்கு இதில் எவ்வளவு பயிற்சி கிடைத்திருக்கிறது என்று கேட்பதில்லை. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால், 6 மாதம் வரை தாய்ப்பால் மட்டும் என்பவை மருத்துவர்களுக்குப் பாடமாகத் தெரியும். ஆனால், குழந்தை காம்பை மட்டும் கவ்வுகிறதா, அதைச் சுற்றியுள்ள கருவட்டத்தையும் சேர்த்துப் பற்றுகிறதா என்று பார்ப்பதும், பால் கட்டிக்கொண்டால் கையால் பீய்ச்சக் கற்றுக்கொடுப்பதும், குறைமாதக் குழந்தைக்குப் பாலாடையில் (சங்கு போன்ற சிறு கிண்ணத்தில்) புகட்டுவதும் தாயின் பக்கத்தில் உட்கார்ந்து பழகினால்தான் கைவரும். இவையெல்லாம் செவிலியர் வேலை என்றே விடப்படுகின்றன. செவிலியராக இருந்து ஓய்வுபெற்ற எனக்கு அதில் பெருமைதான். என்றாலும், எடை கூடவில்லை என்றதும் பால்மாவு எழுதித் தருவது மருத்துவர்தானே?

எங்கள் நீலகிரி மாவட்டத்தில், பந்தலூர்ப் பக்கத்துத் தேயிலைத் தொழிலாளி ஒருவர், பால் போதவில்லை என்று கைக்குழந்தையோடு உதகைக்கு வந்து திரும்பினால் அன்றைய கூலி போய்விடும். முதல் முறையே சரியாகப் பார்த்து அனுப்பாவிட்டால் அவர் மறுபடி வருவது கடினம். மலைக்குளிரில், பிறந்த குழந்தையைத் தாயின் வெறும் மார்போடு அணைத்துப் போர்த்தி வைப்பது பால் சுரப்புக்கு மட்டுமன்றி, குழந்தையின் உடல்சூடு குறையாமல் காக்கவும் அவசியம்.

பால்மாவு நிறுவனங்கள் மருத்துவர்களுக்குப் பரிசளிப்பதையும் கருத்தரங்குகளுக்குப் பணம் தருவதையும் 1992ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் 2003ஆம் ஆண்டுத் திருத்தமும் தடை செய்கின்றன. பயிற்சிக்கு வேறு வழிதான் தேட வேண்டும். அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் கழகம், மேற்படிப்புப் பயிலும் மருத்துவர்களுக்கென்றே தாய்ப்பால் பாடத்திட்டம் ஒன்றை வகுத்திருக்கிறது. நம் நாட்டில் மருத்துவ மேற்படிப்புப் பயில்வோர் மாவட்ட மருத்துவமனைகளில் 3 மாதம் பணியாற்ற வேண்டும் என்ற விதி ஏற்கெனவே உள்ளது. குழந்தைநலம் பயில்வோருக்கு அதில் சில வாரங்களைப் பிரசவ வார்டுக்கும், வீடு திரும்பிய தாய்மாரைத் தொடர்ந்து கவனிப்பதற்கும் ஒதுக்கினாலே போதும். தனியாகச் செலவும் அதிகமிராது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மேற்படிப்புக் காலத்திலேயே தாயாகும் பெண் மருத்துவர்கள் பலர். 50 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் நிறுவனங்களில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று, 2017இல் மகப்பேறு நலச் சட்டத்தில் திருத்தம் கொண்டுவரப்பட்டது. அதோடு, இரவுப் பணிக்கு நடுவே பால் பீய்ச்சி வைக்க ஒரு தனி அறையும், அதைக் குளிரில் பாதுகாக்க ஒரு குளிர்பதனப் பெட்டியும், அதற்கான நேரமும் பயிற்சி மருத்துவர்களுக்குக் கிடைக்கச் சுகாதாரத் துறை ஆணையிட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
கோத்தகிரி.