கதவைச் சாத்திவிட்டுக் கேட்டவர்களுக்கு

அன்புடையீர்,

வீட்டில் அடிபடும் பெண்களுக்கு மகப்பேறும் கருத்தடைச் சேவையும் தருவோருக்கான கையேடு முடிந்துவிட்டது. அதில் உருப்படியானவை பெரும்பாலும் நீங்கள் சொன்னவைதான்.

முதல் நன்றி செவிலியருக்கு. வீட்டில் அடி உண்டா என்று தனியாகக் கேட்க வழி கிடைக்கும்படி, எடை பார்க்க எல்லாப் பெண்களையும் தனியாகவே அழைக்கச் சொன்னீர்கள். ஒருத்தியை மட்டும் அழைத்தால் வீட்டில் கேள்வி வரும். இரண்டு வயதைத் தாண்டிய குழந்தையும் அறையில் வேண்டாம், வீட்டில் போய் ஒப்பித்துவிடும் என்றீர்கள். எங்களுக்கு அது தோன்றவே இல்லை.

பிரசவ வார்டு மருத்துவச்சிகளே, வயிற்றில் அடிபட்டு வந்தவளை "ஸ்கேன் நார்மல்" என்று அனுப்பிவிடும் அவசரத்தை நிறுத்தியது நீங்கள். நஞ்சுக்கொடி கர்ப்பப்பையிலிருந்து பிரிந்திருந்தாலும் ஸ்கேனில் தெரியாமல் போகலாம். ரத்தம் வெளியே வராமல் உள்ளேயே தேங்கலாம். எனவே குழந்தை வெளியே பிழைக்கக்கூடிய மாதமென்றால் குறைந்தது 4 மணி நேரமாவது குழந்தையின் இதயத்துடிப்பையும் கர்ப்பப்பை இறுக்கத்தையும் கவனிக்க வேண்டும். வலியோ ரத்தப்போக்கோ இருந்தால் 24 மணி நேரம். ஆர்ஹெச் நெகட்டிவ் ரத்த வகைத் தாய்க்கு, அவள் உடல் குழந்தையின் ரத்தத்தை எதிர்க்காமல் தடுக்கும் ஆன்டி-டி ஊசி, அடிபட்ட 72 மணி நேரத்துக்குள்.

குடும்பநல ஆலோசகர்களுக்குத்தான் அதிகம் கடன்பட்டிருக்கிறோம். "மாத்திரையை மறந்துவிட்டாள்" என்று அட்டையில் எழுதுமுன், மறந்தாளா, பிடுங்கி எறியப்பட்டதா என்று கேட்கச் சொன்னீர்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் கருத்தடை ஊசிக்கு வீட்டில் ஒளிக்க மாத்திரை அட்டையும் இல்லை, டப்பாவும் இல்லை. ஆனால் மாதவிலக்கு தாறுமாறாகும், நின்றும் போகும். அதைக் கணக்கு வைக்கும் கணவனிடம் அதுவே காட்டிக்கொடுத்துவிடும். கர்ப்பப்பைக்குள் வைக்கும் காப்பர்-டியில் மாதவிலக்கு வந்துகொண்டிருக்கும். அதன் நூலைக் கர்ப்பப்பை வாயோடு ஒட்ட வெட்டிவிட்டால் அவன் கைக்குத் தட்டுப்படாது. பின்னால் எடுப்பது சற்றுச் சிரமம் என்பதையும் அப்போதே சொல்லிவிட வேண்டும். கையில் வைக்கும் கருத்தடைக் குச்சி தோலுக்கடியில் தட்டுப்படும். இவை எதுவும் பால்வினை நோயைத் தடுக்காது.

மருந்தாளுநருக்கு ஒரு தம்ளர் தண்ணீருக்காக நன்றி! லெவோனார்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம் அவசரக் கருத்தடை மாத்திரையை உங்கள் முன்னேயே விழுங்க வைத்தால் வீட்டுக்குக் கொண்டுபோக எதுவுமில்லை. உறவுக்குப் பின் 120 மணி நேரம் வரை தரலாம். தாமதமாகத் தாமதமாகப் பலன் குறையும். 2 மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் மறுபடி ஒன்று. கட்டாய உறவுக்குப் பின் எச்ஐவி தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும். அந்த 28 நாள் மருந்தை எங்கே ஒளித்து வைப்பது என்பதையும் அவளோடு பேசித் தீர்க்கச் சொன்னவர் நீங்கள்.

பதிவறை ஊழியர்கள் செய்தது சிறிய திருத்தம்தான். வன்முறை பற்றிய குறிப்பு அவள் வீட்டுக்குக் கொண்டுபோகும் அட்டையில் இருக்கக் கூடாது. எந்த எண்ணில், எந்த நேரத்தில் அழைக்கலாம் என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அடிபடும் தாய்க்குப் பிறக்கும் குழந்தை எடை குறைந்திருக்கும் வாய்ப்பு 16 சதவீதம் கூடுதல் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2013 அறிக்கை சொல்கிறது. அந்த எண்ணை முதல் பக்கத்தில் போட்டிருந்தோம். வரைவைப் படித்துப் பார்த்த, இதையெல்லாம் அனுபவித்த பெண்கள் அதைப் பின்னால் தள்ளச் சொன்னார்கள். "ஏன் பொறுத்துக்கொண்டீர்கள்?" என்ற கேள்வியை நீக்கியே விட்டார்கள். "உடனே வெளியேறுங்கள்" என்ற வரியும் போயிற்று. பிரிந்து போகும் வேளையில்தான் ஆபத்து கூடுகிறது. இப்போது முதல் பக்கத்தில் இருப்பவை அவர்கள் வைத்த கேள்விகள்: "அடி சமீபத்தில் கூடியிருக்கிறதா? கழுத்தை நெரித்தாரா? வயிற்றில் பிள்ளை இருக்கும்போதும் அடித்தாரா? இன்று வீட்டுக்குப் போகப் பயமாக இருக்கிறதா?"

நன்றியுடன்,
கையேட்டுக் குழுவினர்