கேட்காமலே 'இல்லை' என்றால் எப்படி?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பெண்ணுறுப்புச் சிதைப்பு ஒழிப்பு நாளையொட்டி (பிப்ரவரி 6) தாங்கள் வெளியிட்ட கட்டுரை அவசியமானது. ஆனால் சோமாலியா, சூடானோடு அது நின்றுவிட்டது. படித்தவர்களுக்கு, எங்கோ நடக்கிற கொடுமை, நமக்கென்ன என்றுதான் தோன்றும்.

உலக சுகாதார நிறுவனம் இதை நான்கு வகையாகப் பிரிக்கிறது. வெட்டுவதும் தைத்து மூடுவதும் முதல் மூன்றில் அடங்கும். நான்காவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை: ஊசியால் குத்துவது, கீறுவது, சுரண்டுவது, சூடு வைப்பது. வடக்கு நைஜீரியாவில் பிரசவம் சிக்கலானால் பிறப்புறுப்பின் உட்சுவரைக் கத்தியால் கீறிவிடும் 'கிஷிரி' என்ற வழக்கம் உண்டு. கத்தி மூத்திரப்பையில் பட்டுவிட்டால், அறுவை சிகிச்சை கிடைக்கும்வரை அந்தப் பெண்ணுக்குச் சிறுநீர் ஒழுகிக்கொண்டே இருக்கும். இந்த நான்கு வகையில் சேராவிட்டாலும் இதே போன்ற இன்னொரு கொடுமை: கேமரூனில் மகளின் மார்பு வளரக் கூடாதென்று சூடாக்கிய கல்லால் அழுத்தித் தேய்க்கிறார்கள். பெரும்பாலும் பெற்ற தாயே செய்கிறாள், ஆண்கள் கண்ணில் படக் கூடாதே என்ற பயத்தில்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். இலங்கையில் தமிழ் பேசும் முஸ்லிம் குடும்பங்கள் சிலவற்றில், பிறந்து 40 நாளான பெண் குழந்தைக்கு 'ஒஸ்தா மாமி' என்று அழைக்கப்படும் பெண் வந்து இந்தச் சிதைப்பைச் செய்கிறார். மருத்துவர்கள் செய்யக் கூடாதென்று அந்நாட்டுச் சுகாதார அமைச்சு 2018இல் சுற்றறிக்கை விட்டது. நம் நாட்டில் தாவூதி போரா என்ற முஸ்லிம் பிரிவின் சிறுமிகளுக்கு ஏழு வயதுவாக்கில் 'கத்னா' என்ற பெயரில் இது நடப்பதை அந்தச் சமூகத்துப் பெண்களே துணிந்து வெளியே சொன்னார்கள். (மதத்தைக் குறை சொல்ல இதை எழுதவில்லை, குர்ஆனில் இப்படி ஒரு கட்டளை கிடையாது.) வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தபோது, 2017இல் மத்திய அரசு தந்த பதில்: இதற்கு அதிகாரபூர்வமான புள்ளிவிவரமோ ஆய்வோ இல்லை.

எப்படி இருக்கும்? தேசிய குடும்பநல ஆய்வில் இந்தக் கேள்வியே கிடையாதே!

கடலூர் மாவட்டத்தில் வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்தவள் நான். திண்ணையில் மாமியார் உட்கார்ந்திருந்தால் மருமகள் வெள்ளைப்படுவதைக்கூடச் சொல்ல மாட்டாள். "நர்சம்மா, தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்று அடுப்படிக்குக் கூப்பிடுவாள். அங்கே வைத்துக் கேட்டால் எல்லாம் வரும். கேட்காததை எவளும் தானாகச் சொன்னதில்லை.

ஒரு மருத்துவமனையில், பிரசவத்துக்காகக் கீறிய இடத்தைத் தைக்கும்போது, "வீட்டுக்காரருக்காக இன்னொரு தையல் சேர்த்துப் போட்டுடலாம்" என்று சிரித்துக்கொண்டே சொன்னதைக் காதால் கேட்டிருக்கிறேன். படுத்திருந்தவளிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. மருத்துவத் தேவையில்லாத அந்தத் தையலும் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

உலகில் 23 கோடிப் பெண்கள் சிதைக்கப்பட்டவர்கள், அதில் 8 கோடி ஆசியாவில் என்று 2024இல் யுனிசெஃப் சொன்னது. இந்தியாவும் எண்ணத் தொடங்க வேண்டும். அடுத்த குடும்பநல ஆய்விலேயே இந்தக் கேள்வியைச் சேர்க்க வேண்டும். கேட்கப்போகிறவர்களுக்கு நான்காம் வகை எதுவென்று முன்பே சொல்லிக்கொடுக்க வேண்டும். "வெட்டினார்களா?" என்று கேட்டால் "இல்லை" என்றுதான் பதில் வரும். ஊசியால் குத்தினார்களா, கீறினார்களா என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்,
பண்ருட்டி, கடலூர் மாவட்டம்.