காய வைத்துக் கொடுத்த அக்காவுக்கு

ஸ்ரீவைகுண்டத்து மக்களுக்கும், என்னிடம் ஓவியம் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கும் வணக்கம்.

2023 டிசம்பர் 17 இரவு தாமிரபரணி வெள்ளம் ஊருக்குள் புகுந்ததையும் அதற்கு அப்புறம் நடந்ததையும் நான் சொல்லித்தான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்றில்லை. அம்மாவைத் தோளில் தூக்கிவந்த தம்பிகள், படகோடு வந்த மீனவச் சகோதரர்கள், மொட்டை மாடியில் பொங்கிப் போட்ட பக்கத்து வீட்டார், சேறு அள்ளிய என் மாணவர்கள், அத்தனை பேரையும் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

ஒருவரைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் அப்பளம் போட்டு விற்கும் அக்கா, கல்லிடைக்குறிச்சியில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டவர்.

தென்திருப்பேரை, ஆழ்வார்திருநகரி என்று சுற்றுவட்டாரம் முழுக்க அலைந்து வரைந்த வீடுகள் என் அலமாரியில் இருந்தன. நாட்டு ஓடு, பனைமர விட்டம், தூண் வைத்த திண்ணை. வரைந்த தாளெல்லாம் ஊறி ஒரே கட்டியாகிவிட்டது. குப்பை வண்டிக்கென்று வாசலில் வைத்திருந்தேன்.

"சார், இதைத் தூக்கிப் போடாதீங்க. வெயில்லயும் வைக்காதீங்க, முறுக்கிக்கும். நிழல்லதான் காயணும்" என்றார் அக்கா.

அவர் வீட்டு உளுந்தமாவு மொத்தமும் ஆற்றோடு போயிருந்தது. மிஞ்சியது அப்பளம் காயப்போடும் வெள்ளை வேட்டிகள். அவற்றைத் தன் மாடி அறையில் விரித்தார். ஒட்டிப்போன அப்பளத்தைப் பிரிப்பதுபோல, மூலையில் இரண்டு விரல் வைத்து ஒவ்வொரு தாளாகப் பிரித்தார். அரை ஈரத்தில் புரட்டிப் போட்டார். காய்ந்ததும் அடுக்கி, மேலே பலகையும் அம்மிக்குழவியும் வைத்தார். ஒரு பைசா வாங்கவில்லை.

படங்களில் கூரையின் சிவப்பு வானத்துக்குள் இறங்கிவிட்டது. ஆனால் கோடு அப்படியே இருக்கிறது, ஓட்டு வரிசையை எண்ணலாம்.

மண்சுவர் மழையைத் தாங்கும், மேலே ஓடு இருக்கிறதே. அடியில் தண்ணீர் தேங்கி நின்றால் கரைந்து உட்கார்ந்துவிடும். நான் வரைந்த வீடுகளில் சில இன்று மேடாகக் கிடக்கின்றன. அவற்றுக்கு இனி இந்தத் தாள்தான் உருவம். அக்கா காப்பாற்றியது என் படங்களை மட்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஆகவே ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்த வெள்ளத்தில் ஓட்டு வீட்டையோ மண் வீட்டையோ இழந்தவர்கள் யாராக இருந்தாலும் வாருங்கள். பழைய போட்டோ இருந்தால் கொண்டுவாருங்கள், இல்லையென்றால் வாசல் எந்தப் பக்கம், அடுப்படி எங்கே என்று வாயால் சொன்னால் போதும். வரைந்து தருகிறேன், காசு வேண்டாம்.

பொங்கல் முடிந்ததும் வகுப்பு தொடங்கும். அக்கா தன் மாடி அறையையே தந்திருக்கிறார். பிள்ளைகள் பென்சில் மட்டும் கொண்டுவரட்டும்.