ஞாயிறு தொண்டிப் பயணம்: வருகிறவர்கள் படித்துவிடவும்

அண்ணன் தம்பிகளுக்கு வணக்கம். ஞாயிறு அதிகாலை 2 மணிக்கு மாட்டுத்தாவணியில் இருந்து வேன் கிளம்பும்.

போன தடவை நடுக்கடலில் படகு இன்ஜின் நின்றது நினைவிருக்கும். பத்து நிமிடம் ஓடும், முக்கும், நிற்கும். ஆளாளுக்குக் கயிற்றை இழுத்துத் தோள் வலித்ததுதான் மிச்சம். கடைசியில் பார்த்தால் பெட்ரோல் டேங்க் மூடியில், காற்று உள்ளே போக விடும் திருகைத் திறக்கவே இல்லை! டியூப் நடுவில் இருக்கும், அமுக்கினால் பெட்ரோலை இன்ஜினுக்குத் தள்ளும் ரப்பர் பல்பு சப்பிப்போய்க் கிடந்தது. திருகைத் திறந்து பல்பை நாலு அமுக்கு அமுக்கியதும் இன்ஜின் பிடித்துக்கொண்டது. இந்த முறை கரையிலேயே பார்த்துவிடுவோம்.

ஓடும்போது, இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீர் அதன் பக்கத்தில் பீய்ச்சுகிறதா என்று ஒருவர் கண் வைக்கணும். தண்ணீர் நின்றுபோனால் உடனே இன்ஜினை அணைக்கணும். பாசியோ பாலித்தீன் பையோ தண்ணீர் வழியை அடைத்திருக்கும். அங்கே இரண்டுக்கும் பஞ்சமில்லை.

இன்ஜின் அணைந்தால் முதல் வேலை நங்கூரம், அப்புறம்தான் ரிப்பேர். பாக் நீரிணை ஆழம் குறைவு, நங்கூரம் பிடிக்கும். கயிற்றை அணியத்தில் (படகின் முன்பக்கம்) மட்டும் கட்டவும். பின்பக்கம் கட்டினால் அலை உள்ளே ஏறும்.

லைஃப் ஜாக்கெட்டை மாட்டியே இருக்கணும். உட்கார மெத்தையாகப் போட்டவர் யார் என்று சொல்ல மாட்டேன். கடலோரக் காவல்படை எண் 1554, கடலோரப் போலீஸ் 1093. இரண்டையும் போனில் இப்போதே பதியவும். காற்று எச்சரிக்கை வந்தால் பயணம் ரத்து, முன்பணம் திரும்பி வரும்.

பெயரை வியாழனுக்குள் சொல்லுங்கள். ஆறு பேருக்கு மேல் ஏற்றப் படகுக்காரர் சம்மதிக்கவில்லை. சரியாகத்தான் சொல்கிறார்.