ரிசர்வ் சைட்டில் விளையாட்டிடம் அமைக்க நன்கொடை வேண்டுகோள்

பெருமதிப்பிற்குரிய பகுதிவாழ் பெருமக்களுக்கு வணக்கம்.

கோவை மாநகராட்சிக்கு உட்பட்ட நம் மனைப்பிரிவின் வடகோடியில், பொதுப் பயன்பாட்டுக்கென ஒதுக்கப்பட்டுள்ள 22 சென்ட் இடமான ரிசர்வ் சைட்டைக் குழந்தைகளின் விளையாட்டிடமாக மாற்றுவதற்கு, நமக்கு நாமே திட்டத்தின்கீழ் மக்கள் பங்களிப்பாகச் செலுத்த வேண்டிய 6 லட்சம் ரூபாயைத் திரட்டும் பொருட்டு இவ்வேண்டுகோளைத் தங்கள் முன் வைக்கிறோம்.

10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தை மனைகளாகப் பிரிப்போர், சாலைகள் நீங்கலான பரப்பில் 10 விழுக்காட்டைப் பொதுத் திறந்தவெளியாக ஒதுக்கித் தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சியிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது தமிழ்நாட்டின் கட்டட விதி. ஒப்படைத்த இடம் வேலியும் பயன்பாடும் இல்லாமல் கிடந்தால் என்ன ஆகும் என்பதைக் கோவைவாசிகளுக்கு விளக்கத் தேவையில்லை. முதலில் கட்டடக் கழிவு வந்து விழும், பிறகு ஒரு தகரக் கொட்டகை எழும், அதன்பின் வழக்கு நடக்கும். நம் இடம் இப்போது கழிவு விழும் நிலையில் இருக்கிறது.

1997இல் தொடங்கி, 2021இல் மீண்டும் நடைமுறைக்கு வந்த நமக்கு நாமே திட்டத்தில், பூங்கா, விளையாட்டிடம் போன்ற பணிகளுக்கு மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் செலுத்தினால் மீதியை அரசு ஏற்கும். வேலி, மின்விளக்கு, விளையாட்டுக் கருவிகள், தரை ஆகியவற்றுக்கான நம் மதிப்பீடு 18 லட்சம். இங்குள்ள கரிசல் மண் மழையில் உப்பிக் கோடையில் வெடிப்பதால் ஊஞ்சல் கால்களுக்கு ஆழமான அடித்தளம் தேவைப்படுகிறது. மதிப்பீடு சற்றுக் கூடியிருப்பதற்கு அதுவே காரணம்.

தொகையைவிட முக்கியமாக நாங்கள் கருதுவது, என்ன கட்டுவது என்பதை யார் தீர்மானிக்கிறார்கள் என்பதையே. யாரும் எதுவும் கேட்காத இடத்தில் ஒரு சறுக்குமரமும் இரண்டு ஊஞ்சலும் பேவர் பிளாக் தரையும் வந்து இறங்கிவிடுகின்றன. ஆகவே பகுதி மக்கள் கூடிப் பேசும் பகுதி சபையில் தீர்மானத்தை முன்மொழிவதற்கு முன்பே, நிலத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு, குழந்தைகளையும் பெற்றோரையும் முதியோரையும் தனித்தனியாக வரவழைத்துக் கேட்டோம்.

பையன்கள் ஒரே குரலில் கிரிக்கெட் பிட்ச் கேட்டனர். ஐந்தாம் வகுப்பைத் தாண்டிய சிறுமியர் முதலில் எதுவும் கேட்கவில்லை. பந்து வந்து விழும் இடத்தில் தங்களுக்கு என்ன வேலை என்பதே பலரின் பதிலாக இருந்தது. இது நம் ஊருக்கு மட்டும் உரிய சிக்கல் அன்று. வியன்னா நகரில் 1990களில் நடந்த ஆய்வு, ஒன்பது வயதைக் கடந்த சிறுமியர் பூங்காக்களுக்கு வருவது வெகுவாகக் குறைவதைக் கண்டறிந்தது. அதைத் தொடர்ந்து ஐன்சீட்லர் பூங்கா உள்ளிட்ட இடங்களில் பெரிய திடலைச் சிறு பகுதிகளாகப் பிரித்து, நடைபாதைகளும் கைப்பந்து, பூப்பந்து ஆடும் இடங்களும் சேர்த்தபோது சிறுமியர் திரும்ப வந்தனர். எனவே நம் வரைவிலும் இடத்தை மூன்றாகப் பிரித்து, பூப்பந்துக்கென ஒரு பகுதியை வேப்பமரத்தடியில் ஒதுக்கியுள்ளோம். பையன்களுக்கு இதில் முழு மனநிறைவு இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

ஊஞ்சலுக்கும் சறுக்குமரத்துக்கும் கீழே பேவர் பிளாக் வேண்டாம், ஓர் அடி ஆழத்துக்கு மணல் வேண்டும் என்பது பெற்றோரின் கோரிக்கை. விளையாட்டிடங்களில் பெரும்பாலான காயங்கள் கீழே விழுவதால் ஏற்படுபவை என்பதால் குழு இதை உறுதியாக ஏற்றுக்கொண்டது. மணலைக் கிளறி, சுத்தம் செய்து, குறையும்போது நிரப்பும் வேலை இனி நம்முடையது. சக்கர நாற்காலி தடையின்றி நுழையும் அகலத்தில் வாயிலும், அங்கிருந்து ஊஞ்சல்வரை கெட்டியான பாதையும் வரைவில் உண்டு. மில்லிலும் பட்டறையிலும் வேலை முடித்து மாலை ஆறு மணிக்கு மேல் குழந்தையை அழைத்துவரும் தாய்மார்களுக்காக விளக்குகளின் எண்ணிக்கையைக் கூட்டியுள்ளோம்.

22 சென்டில் என்ன செய்துவிட முடியும் என்று கேட்போரும் உள்ளனர். ஆம்ஸ்டர்டாமில் 1947இல் பெர்டல்மன்பிளைன் சதுக்கத்தில் கட்டடக்கலைஞர் ஆல்டோ வான் ஐக் வடிவமைத்த முதல் விளையாட்டிடத்தைப் பார்த்த மற்ற பகுதியினர், தங்கள் தெருவிலும் அப்படி ஒன்று வேண்டும் என்று நகராட்சிக்குக் கடிதம் எழுதத் தொடங்கினர். அடுத்த முப்பது ஆண்டுகளில் அந்நகரில் 700க்கும் மேற்பட்டவை உருவாயின. அவற்றில் பலவும் இரண்டு வீடுகளுக்கு நடுவே காலியாகக் கிடந்த மனைகளே.

நன்கொடையைக் காசோலையாகவோ வங்கிப் பரிமாற்றமாகவோ குழுவின் கணக்கில் செலுத்தலாம். ரொக்கமாகக் கொடுப்போர் வரிசை எண்ணுள்ள ரசீதைப் பெறாமல் திரும்ப வேண்டாம். திரளும் தொகை முழுவதும் மாநகராட்சி ஆணையர் பெயரில் வரைவோலையாகச் செலுத்தப்பட்டு, அதன் நகல் ரேஷன் கடைச் சுவரில் ஒட்டப்படும். எங்கள் குழு 80ஜி பதிவு பெற்றதன்று. ஆகவே எங்கள் ரசீதைக் காட்டி வருமான வரிச் சலுகை பெற இயலாது. தொகை எட்டாமல் போனாலோ மாநகராட்சி அனுமதி கிடைக்காவிட்டாலோ அவரவர் பணம் அவரவரிடமே திருப்பித் தரப்படும்.

கொடுக்கும் தொகை எதுவாயினும் எந்தக் கருவியிலும் கொடையாளர் பெயர் எழுதப்படாது. பணம் தர இயலாதோர்க்கும் வரைபடத்தின்மீது கருத்துச் சொல்ல அதே உரிமை உண்டு. வாடகை வீட்டில் குடியிருப்போர் இதில் தயங்க வேண்டியதில்லை. வரைவு வரைபடம் இம்மாதம் முழுவதும் ரேஷன் கடையில் பார்வைக்கு இருக்கும். ஆட்சேபங்களை அங்குள்ள பதிவேட்டில் எழுதலாம். மாதத்தின் கடைசி ஞாயிறு காலை அதே ரிசர்வ் சைட்டில் கூடி, ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்ன பிறகே வரைபடம் மாநகராட்சிக்கு அனுப்பப்படும்.

இப்படிக்கு,
விளையாட்டிடத் திட்டக் குழுவினர்