மாமரங்களில் கருகல் நோயும் சாம்பல் நோயும்: பூ எடுக்கும் முன் தோப்புக்கு ஆள் அனுப்பக் கோரும் மனு

அனுப்புநர்:
மாந்தோப்பு விவசாயிகள்,
குடியாத்தம், பேரணாம்பட்டு மலையடிவாரக் கிராமங்கள்,
வேலூர் மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
சத்துவாச்சாரி, வேலூர்.

நாள்: 22.09.2025

பொருள்: மாமரங்களில் இலைக்கருகல், சாம்பல் நோய் – பூ எடுக்கும் முன் தோப்புகளை நேரில் பார்த்து நோய் இன்னதென்று சொல்ல அலுவலரை அனுப்பவும், உயர மரங்களுக்கு மருந்து அடிக்கப் பவர் ஸ்பிரேயர் வாடகைக்குக் கிடைக்க ஏற்பாடு செய்யவும் வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: இதே பொருளில் நாங்கள் முன்பு கொடுத்த மனுக்களும் அவற்றின் ஒப்புகைச் சீட்டுகளும் (நகல் இணைப்பில்).

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் பகுதியைத் தாங்கள் அறிவீர்கள். மோர்தானா அணைப் பக்கமும் பேரணாம்பட்டு மலையடிவாரத்திலும் நெல்லுக்குத் தண்ணீர் போதாத மேட்டு நிலத்தில் எங்கள் பெரியவர்கள் வைத்த மரங்கள்தான் இன்றைக்கும் எங்களுக்குச் சோறு போடுகின்றன. பெங்களூரா, நீலம், பங்கனப்பள்ளி என்று தோப்புக்குத் தோப்பு கலந்து நிற்கும். வருடத்துக்கு ஒரு அறுவடை, ஒரே வருமானம். வீட்டுச் செலவு, பிள்ளைகள் படிப்பு, கூட்டுறவு வங்கிக் கடன் எல்லாம் அந்த ஒரு வருமானத்தில்தான் நடக்க வேண்டும். தங்களின் மேலான கவனத்துக்குக் கீழ்க்கண்டவற்றைப் பணிவுடன் கொண்டுவருகிறோம்.

1. போன மழைக்காலத்திலும், பிறகு தையில் பூ எடுத்த நேரத்திலும் இதே விஷயமாக மனு கொடுத்தோம். ஒப்புகைச் சீட்டு கொடுத்தார்கள். பதில் வரவில்லை, தோப்புக்கும் யாரும் வரவில்லை.

2. நோய் பூவில் ஆரம்பிப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அது கொழுந்திலேயே ஆரம்பித்துவிடுகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் மரம் செம்பு நிறத்தில் கொழுந்து விடும். முற்றிய இலையை ஆந்த்ராக்னோஸ் பூஞ்சை அவ்வளவாக ஒன்றும் செய்யாது, இளங்கொழுந்தைத்தான் பிடிக்கும். முதலில் கடுகளவு பழுப்புப் புள்ளி விழும். புள்ளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து இலை ஓரமும் நுனியும் கருகும், நடுவில் ஓட்டை விழும். கிளை நுனி காய்ந்து சுள்ளியாகும். அந்தச் சுள்ளியிலும் கருகிய இலையிலும் பூஞ்சை சாகாமல் கிடக்கிறது. தை மாதம் அதே கிளையில்தான் பூங்கொத்து வருகிறது. பனியோ தூறலோ சேர்ந்தால் போதும், பூக்காம்பு கறுத்து, பூ கருகி, பிஞ்சு கொட்டிவிடும். தப்பிய காயையும் அது விடுவதில்லை. மேலிருந்து சொட்டும் தண்ணீரோடு பூஞ்சை வித்து இறங்கி, கண்ணீர் வழிந்த தடம்போலக் காயில் கறுப்புக் கோடு விழுகிறது. சில காய் பறிக்கும்போது சுத்தமாக இருக்கும், பழுத்த பிறகு கரும்புள்ளி விரியும். வேலூர் மாங்காய் மண்டியில் இறக்கிய சரக்கில் வியாபாரி புள்ளி விழுந்த பழத்தை எடுத்து எங்கள் கையில் கொடுத்தால் நாங்கள் என்ன விலை பேச முடியும்? ஆகவே தையில் வந்து பார்ப்பது பாதி உதவிதான். ஐப்பசிக்கு முன்பே வர வேண்டும் என்று நாங்கள் கேட்பது இதனால்தான்.

3. எங்களை அதிகமாக வாட்டுவது இதுதான், கொஞ்சம் பொறுமையாகப் படிக்க வேண்டுகிறோம். மரத்துக்கு என்ன நோய் என்று சொல்ல எங்களுக்கு ஆள் இல்லை.

மரம் கறுத்தால் எல்லாவற்றையும் கருகல் என்றுதான் ஊரில் சொல்கிறோம். ஆனால் அதில் மூன்று விதம் இருக்கிறது, மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. மேலே சொன்ன ஆந்த்ராக்னோஸ் ஒன்று. சாம்பல் நோய் இன்னொன்று. மார்கழி, தைப் பனியில் பூங்கொத்து முழுக்க வெள்ளை மாவு தூவியதுபோல் படிந்து, பூ விரியாமலே உதிர்ந்துவிடும். மூன்றாவது கரும்பூசணம். இது இலையைத் தின்னும் நோயே இல்லை. தத்துப்பூச்சி பூவிலும் கொழுந்திலும் சாறு உறிஞ்சிவிட்டுத் தேன் மாதிரி ஒரு பிசினை விடுகிறது, அந்தப் பிசின்மேல் கரிப்படலம் வளர்ந்து இலையை மூடிவிடுகிறது.

சாம்பல் நோய்க்கு நனையும் கந்தகம், லிட்டருக்கு 2 கிராம், அதையும் உச்சி வெயிலில் அடிக்கக் கூடாது, இலை பொசுங்கும். ஆந்த்ராக்னோஸுக்கு மேன்கோசெப் 2 கிராம் அல்லது கார்பன்டசிம் 1 கிராம், கொழுந்திலும் பூ வரும் முன்பும். கார்பன்டசிம்மையே திரும்பத் திரும்ப அடித்தால் பூஞ்சை அதற்குப் பழகிவிடும், மாற்றி மாற்றித்தான் அடிக்க வேண்டும். கரும்பூசணத்துக்கோ முதலில் தத்துப்பூச்சியை அடக்க வேண்டும். படிந்த கரி போக 1 கிலோ மைதாவை 5 லிட்டர் தண்ணீரில் காய்ச்சி, ஆறவைத்து, 20 லிட்டராக்கித் தெளித்தால் கஞ்சி காய்ந்து கரியோடு சேர்ந்து உரிந்து விழும். செலவு என்று பார்த்தால் ஒன்றுமே இல்லை. இவ்வளவையும் வேளாண் பல்கலைக்கழகம் எப்போதோ சொல்லிவிட்டது, விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டாலும் சொல்கிறார்கள். எங்களில் சிலருக்கு இது தெரியும், பலருக்குத் தெரியாது. தெரிந்தவனுக்கும் 30 அடி உயரத்தில் இருக்கும் கொத்தைக் கீழே நின்று பார்த்து இது சாம்பலா, கருகலா என்று உறுதியாகச் சொல்ல முடிவதில்லை.

அப்புறம் என்ன நடக்கிறது? ஒரு கொத்தை ஒடித்துப் பையில் போட்டுக்கொண்டு மருந்துக் கடைக்குப் போகிறோம். கடையில் இருப்பவர் அதைப் பார்த்தும் பார்க்காமலும் மூன்று பாட்டில் எடுத்து வைக்கிறார். பூச்சிக்கு ஒன்று, பூஞ்சைக்கு ஒன்று, பூ நிற்க ஒரு டானிக். மூன்றையும் கலந்து அடிக்கச் சொல்கிறார். கடன் சொல்லியும் கொடுக்கிறார், காய் விற்றதும் கட்ட வேண்டும். பூ நன்றாக விரிந்திருக்கும் நேரத்தில் பூச்சி மருந்து அடித்தால் தேனீயும் ஈயும் சாகும், மகரந்தம் சேர்க்க ஆள் இருக்காது, காய் பிடிக்காது. சாம்பல் நோய் பிடித்த மரத்துக்குப் பூச்சி மருந்தும், தத்துப்பூச்சி பிடித்த மரத்துக்குப் பூஞ்சை மருந்தும் போகிறது. பணமும் போகிறது, பூவும் போகிறது. கடைக்காரரைச் சொல்லிக் குற்றமில்லை, விற்பது அவர் தொழில். நோயைச் சொல்ல வேண்டியது யாருடைய வேலை என்பதுதான் எங்கள் கேள்வி.

இன்னொன்றும் இதோடு சேர்ந்து வருகிறது. குத்தகைக்காரர் தோப்புக்கு வருவது பூவைப் பார்க்கத்தான். பூ சுத்தமாக நின்றால் ஒரு விலை, கறுத்து நின்றால் ஒரு விலை. கறுத்த பூவை நிமிர்ந்து பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் பைக்கை எடுத்துக்கொண்டு போனவர்கள் உண்டு. பிறகு நாங்களே அவருக்குப் போன் செய்து, அவர் சொல்கிற தொகைக்குத் தோப்பைக் கொடுக்க வேண்டியதாகிறது. முன்பணம் வாங்காமல் இருக்க முடியாது, மருந்துக் கடைக் கடன் காத்திருக்கிறது. வருடம் முழுவதும் உழுது, களை எடுத்து, எரு போட்டவனுக்குக் கிடைப்பது இந்த ஒரு நாள் பேச்சில் முடிந்துவிடுகிறது. நேரத்துக்கு ஒருவர் வந்து, "இது சாம்பல் நோய், கந்தகம் அடி, போதும்" என்று சொல்லியிருந்தால் இந்த நிலை வந்திருக்காது. ஒரு வாக்கியம்தான், ஆட்சியர் அவர்களே. அந்த ஒரு வாக்கியம் சொல்ல எங்களுக்கு ஆள் கிடைக்கவில்லை.

4. மரங்கள் பழைய மரங்கள், உயரம். முதுகில் மாட்டும் கைத்தெளிப்பானில் கீழ்க் கிளைக்குத்தான் மருந்து எட்டும். மேலே நோய் அப்படியே இருக்கும், மழையிலும் பனியிலும் வித்து கீழே இறங்கிக்கொண்டே இருக்கும், கீழே அடித்ததும் வீணாகும். பவர் ஸ்பிரேயர் வைத்திருப்பவர்கள் சிலர்தான். பூ எடுக்கும் அந்தச் சில வாரங்களில் எல்லாத் தோப்புக்கும் ஒரே நேரத்தில் மிஷின் வேண்டும். முறை வருவதற்குள் பூ முடிந்துவிடுகிறது. முறை வந்தாலும் வாடகை, டீசல், கூலி என்று சிறு தோப்புக்காரருக்குக் கட்டுப்படியாவதில்லை.

5. கவாத்து செய்ய இதுதான் மாதம். காய்ந்த சுள்ளி, நோய்க் கிளை, உள்ளே பின்னிக்கொண்டிருக்கும் கிளை எல்லாவற்றையும் வெட்டி வெயில் உள்ளே இறங்க வைத்து, கீழே கிடக்கும் கருகிய இலையைக் கூட்டி எரித்தாலே நோய் பாதி குறையும். வெட்டிய வாயில் போர்டோ பசை தடவ வேண்டும். மரத்தில் தெளிக்கும் போர்டோ கலவையும் பெரிய செலவில்லை: 100 லிட்டருக்கு மயில்துத்தம் 1 கிலோ, சுண்ணாம்பு 1 கிலோ. இரும்புப் பாத்திரத்தில் கலக்கக் கூடாது. கலக்கிய பிறகு இரும்புக் கத்தியை முக்கினால் செம்புப் படலம் ஏறக் கூடாது, ஏறினால் இன்னும் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். இதை ஒரு தோப்பில் ஒரு காலை நேரத்தில் செய்து காட்டினால் பத்து ஊர்க்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள். எத்தனையோ இடத்தில் பந்தல் போட்டு, மைக் வைத்துக் கூட்டம் நடக்கிறது. எங்களுக்குப் பந்தல் வேண்டாம், மரத்தடியே போதும்.

6. முன்பு மனு கொடுத்தபோது, "நோய் வந்த பிறகு போட்டோ எடுத்து அனுப்புங்கள்" என்று அங்கே ஒருவர் வாயால் சொன்னார். அனுப்பினோம். இரண்டு நீலக் குறி விழுந்தது, அவ்வளவுதான். சரி, பூவோடு போய் நேரில் காட்டலாம் என்று போனால் அலுவலர் கள ஆய்வுக்குப் போயிருக்கிறார் என்றார்கள். எந்தக் களத்துக்குப் போனார் என்று எங்களுக்குத் தெரியவில்லை, எங்கள் களத்துக்கு அவர் வரவில்லை. ஆள் பற்றாக்குறை என்கிறார்கள், இருக்கலாம், ஒரே ஆளுக்கு எத்தனையோ ஊர் என்பது எங்களுக்கும் புரிகிறது. அதற்காக மாமரம் பூப்பதைத் தள்ளிப்போடுமா? கோப்பு ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போகும் நேரத்தில் எங்கள் வருடம் முடிந்துவிடுகிறது. மானியம் கேட்டோமா? கடன் தள்ளுபடி கேட்டோமா? வந்து பாருங்கள் என்றுதானே கேட்டோம்! எத்தனை தரம் இதையே எழுதுவது?

கோபத்தில் எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். போன தையில் கறுத்துப்போன பூவை இப்போது நினைத்தாலும் மனம் ஆறவில்லை.

7. ஆகவே, தாங்கள் தயவுகூர்ந்து,

அ) மழை பிடிக்கும் முன், இந்தப் புரட்டாசி முடிவதற்குள், தோட்டக்கலை அலுவலர் ஒருவரையும் முடிந்தால் விரிஞ்சிபுரத்து நோயியல் நிபுணர் ஒருவரையும் எங்கள் தோப்புகளுக்கு அனுப்பி, கவாத்தும் போர்டோ கலவையும் செய்துகாட்ட ஆணையிட வேண்டுகிறோம். கொழுந்து விடும்போது ஒரு தரம், பூ மொட்டு விடும்போது ஒரு தரம் அவர்கள் திரும்ப வர வேண்டும். எந்தத் தேதி என்று முன்கூட்டிச் சொன்னால் சுற்று ஊர்க்காரர்களை ஒரே தோப்பில் கூட்டிவைப்பது எங்கள் பொறுப்பு. வண்டி வசதி இல்லையென்றால் குடியாத்தம் பஸ் நிலையத்திலிருந்து நாங்களே கூட்டிவந்து கொண்டுபோய் விடுகிறோம்.

ஆ) மார்கழி பிறக்கும் முன் உயர மரத்துக்கு எட்டும் பவர் ஸ்பிரேயர்களை வாடகை முறையில் இந்த இரண்டு வட்டங்களுக்கும் ஒதுக்க வேண்டுகிறோம். எந்த ஊருக்கு எந்த நாள் என்று பட்டியல் போட்டு ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டினால் எங்களுக்குள் சண்டை வராது.

இ) சூடோமோனாஸ் (நோய்ப் பூஞ்சையை அடக்கும் நன்மை செய்யும் பாக்டீரியா), நனையும் கந்தகம், மேன்கோசெப் இவை பூ எடுக்கும் நேரத்தில் வேளாண் விரிவாக்க மையத்தில் இருப்பில் இருக்க வேண்டும். சூடோமோனாஸை அக்டோபரிலிருந்தே மூன்று வாரத்துக்கு ஒரு தரம் தெளிக்கச் சொல்கிறார்கள், தையில் வந்தால் பயனில்லை.

ஈ) இந்த மனுவுக்கு எழுத்தில் பதில் வேண்டும். முடியாது என்றாலும் முடியாது என்று எழுதிக் கொடுங்கள்.

இவற்றில் எல்லாம் இப்போது ஆகாது என்றால், முதலாவதையாவது செய்து கொடுங்கள். ஆள் அனுப்புங்கள், ஆட்சியர் அவர்களே. மழைக்கு முன் ஒருவரை அனுப்புங்கள். மரத்தைப் பார்த்து நோய் இன்னதென்று சொல்லட்டும். மீதியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
குடியாத்தம், பேரணாம்பட்டு பகுதி மாந்தோப்பு விவசாயிகள்
(கையொப்பங்களும் கைரேகைகளும் தனித்தாளில்)

இணைப்பு:
முந்தைய மனுக்களின் நகலும் ஒப்புகைச் சீட்டுகளும்
போன தை மாதம் எடுத்த பூ, இலை, காய்ப் புகைப்படங்கள்
கருகிய இலை, சுள்ளி மாதிரி – காகித உறையில், தோப்புவாரியாகப் பெயர் எழுதி