பங்குனி உத்திரத்துக்குள் இன்னும் 30,500 ரூபாய் வேண்டும்

அண்ணாச்சிமார், அக்காமார், வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் எல்லாருக்கும் வாசகசாலைக் கமிட்டியின் வணக்கம்.

வயசாளிகளுக்கு மருந்துச் சீட்டு படித்துச் சொல்ல வாசகசாலை முன்னறையை ஒழுங்கு பண்ணி, பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோவிலுக்கு நீங்களெல்லாம் வரும்போது திறந்துவிடலாம் என்று இருந்தோம். நாள் நெருங்கிவிட்டது, பணம் பத்தவில்லை.

மேலத்தெரு ஆச்சி ஒருத்தர், சீட்டில் 1-0-1 என்று இருந்ததை நூற்றியொன்று என்று படித்துவிட்டார். காலையும் ராத்திரியும் போட வேண்டிய சுகர் மாத்திரையை, நூற்றியொரு நாள் கணக்கு என்று நினைத்துக் காலையில் மட்டும் போட்டுவந்திருக்கிறார். காலில் புண் ஆறாமல் போன பிறகுதான் வீட்டில் தெரிந்தது. டாக்டர் சொன்னபோது புரிந்ததா என்று கேட்டால், “சரி சரின்னு தலையாட்டினேன், அவர்கிட்ட திருப்பிக் கேக்கலாமாய்யா” என்கிறார். 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவத்தில் சுகர், பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது, நல்ல காரியம். ஆனால் பிரஷர் சரியாகிவிட்டது என்று மாத்திரையைத் தானாக நிறுத்துகிறவர்கள் நம் தெருக்களில் எத்தனை பேர்! மூட்டுவாதத்துக்கு வாரம் ஒருநாள் மட்டும் போடவேண்டிய மெத்தோட்ரெக்ஸேட்டைத் தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து.

அதனால் வாரம் இரண்டு நாள் ஒரு நர்ஸம்மா வந்து சீட்டைத் தமிழில் சொல்வார், சூரியன் நிலா படம் போட்ட அட்டையில் பெரிய எழுத்தில் எழுதித் தருவார், அப்புறம் கேட்டவரையே திருப்பிச் சொல்லச் சொல்வார். அவர் சரியாகச் சொன்னால்தான் அனுப்புவது.

இது நம்மூருக்குப் புதுசு இல்லை. கொழும்பிலிருந்தும் பம்பாயிலிருந்தும் வந்த கடிதங்களை எழுத்து தெரியாத தாய்மாருக்கு இதே திண்ணையில் உட்கார்ந்து படித்துச் சொன்னவர்கள் நம் பெரியவர்கள். ஒருத்தர் வீட்டுச் சேதி இன்னொரு வீட்டுக்குப் போகாது, காசும் வாங்கமாட்டார்கள். அந்தத் திண்ணைக்குப் பேர் வாங்கித் தந்தது அதுதான்.

செலவு: 160 மாத்திரைப் பெட்டி 19,200. அட்டை அச்சடிக்க 4,000. பிரஷர் மெஷின், சுகர் பார்க்கும் கருவி, ஸ்ட்ரிப் 8,300. நர்ஸம்மாவுக்கு மாதம் 3,000 வீதம் ஒரு வருஷத்துக்கு 36,000. சாய்வுப் பாதை, நாற்காலி 14,500. மொத்தம் 82,000 ரூபாய். வந்தது 51,500.

தந்தவர்களை மறக்க முடியாது. பீடிக் கூலியில் ஐம்பதும் நூறுமாக எடுத்துவைத்துத் தந்த கீழத்தெரு அக்காமார், மகன் கல்யாணச் செலவைக் குறைத்து 10,000 தந்த அண்ணாச்சி, நோன்புக் கஞ்சிக்கு நடுவிலும் வசூல் பண்ணித் தந்த ஜமாஅத்தார், காணிக்கையில் பங்கு தந்த சபையார், உண்டியலை உடைத்துக் கொண்டுவந்த ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள், எல்லாருக்கும் காந்திமதி அம்மை துணை இருக்கட்டும்.

அம்மன் கொடைக்கு வரி ஒருநாள் தாமதமானாலும் கூச்சப்படுகிறோம், வில்லுப்பாட்டுக்கும் வாணவேடிக்கைக்கும் தாராளமாகக் கொடுக்கிறோம். அந்த அம்மனைச் சுமந்த தோள்கள்தான் இன்றைக்கு மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு இருக்கின்றன. அவர்கள் பிள்ளைகள் நாம், வேறு யார் செய்வார்கள்?

பணத்தைப் பொருளாளரிடம் கொடுத்து ரசீது கேட்டு வாங்குங்கள். ஊருக்கு வரும்போது அப்பா அம்மாவின் மாத்திரைப் பையை ஒருதரம் பிரித்துப் பாருங்கள். சீட்டோடு அப்படியே அறைக்குக் கொண்டுவாருங்கள், முதல் நாளே பார்த்துவிடலாம்.